உங்கள் ஊரைப் பற்றி இரண்டு நிமிடம்

ஜூன் 3, திங்கள்

மறுபடியும் ஆறரை.

ஆங்கிலத் தேர்வில் கேட்பதில் ஏழரை, படிப்பதில் ஏழு, எழுதுவதில் ஏழு. பேசுவதில் மட்டும் ஆறரை. நாலிலும் ஏழு வாங்கினால்தான் அயர்லாந்தில் நர்ஸ் வேலை என்கிறது ஏஜென்சி. இது இரண்டாவது முறை. பதினான்கு வருடமாக மதுரையில் ஐசியூவில் நிற்கிறேன். தொண்டையில் குழாய் போட்டுப் படுத்திருக்கிற நோயாளி கண்ணை அசைப்பதை வைத்தே அவருக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்குப் பேச வரவில்லை என்று கோட்டு போட்ட ஒருவர் பதினாலு நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார்.

புதிதாக ஒரு டீச்சரைப் பிடித்திருக்கிறேன். பெயர் ஹஃப்ஸா, காயல்பட்டினத்திலிருந்து ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறாள். அவளுக்கு இருபத்து நாலு வயது, எனக்கு முப்பத்தெட்டு. தினமும் எளிய ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது அவளுடைய முதல் கட்டளை. சரி என்று தலையாட்டிவிட்டு, மகள் நிவிதாவின் போன வருடத்து அறிவியல் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழில்தான். டியூட்டி முடித்து வந்து உட்கார்ந்து, எரிச்சலையும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

ஜூன் 5, புதன்

முதல் கேள்வி: உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம்.

இதற்கு நான் ஏற்கெனவே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். “மதுரை இஸ் எ பிக்சரெஸ்க் அண்ட் வைப்ரன்ட் சிட்டி, நெஸ்டில்டு ஆன் தி பேங்க்ஸ் ஆஃப் தி ரிவர் வைகை...”

ஹஃப்ஸா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அக்கா, வைகையில தண்ணி இருக்கா?”

“மழை பெஞ்சா இருக்கும்.”

“அப்ப அதச் சொல்லுங்க. சின்னச் சின்ன வார்த்தையா. நெஸ்டில்டுன்னு சொல்லும்போது உங்க முகம் ஊசி போடுற மாதிரி ஆகுது.”

ஊசி போடுகிறவள் நான். போட்டுக்கொள்கிற முகத்தைச் சொல்கிறாள் போலிருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

விடுமுறை என்று பெயர். காலையில் தண்ணீர் லாரி வரவில்லை. சிலிண்டர் தீர்ந்தது. யூனிஃபார்ம் இரண்டு, நிவிதாவின் யூனிஃபார்ம் ஐந்து, எல்லாவற்றையும் தேய்த்து முடித்தபோது மணி பன்னிரண்டு.

என் கணவர் பால்பாண்டி எனக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தார். ஏசி மெக்கானிக். வாடிக்கையாளர் வீட்டில் பேசுகிற அதே தோரணையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, “வாட் இஸ் யுவர் நேட்டிவ் பிளேஸ்?” என்றார்.

“மதுரை.”

“மதுர எப்ப ஒன் ஊராச்சு? மதுர என் ஊரு. நீ சாத்தனேந்தல்காரி. அதச் சொல்லேன்.”

“அங்க சொல்றதுக்கு என்னங்க இருக்கு?”

“உங்கம்மா இருக்காங்கள்ல.”

குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய்விட்டேன். மூன்றாவது விசில் வரைக்கும் அடுப்பு முன்னாலேயே நின்றேன். பருப்புக்கு மூன்று விசில் வேண்டும்.

சாப்பிடும்போது நிவிதா கேட்டாள்: “எதுக்கும்மா இந்த வயசுல பரீட்ச?”

“ஆஸ்பத்திரியில கேக்குறாங்க.”

பால்பாண்டி என்னைப் பார்த்தார். ரசம் ஊற்றினேன்.

ஜூன் 12, புதன்

மூன்று அட்மிஷன். கால் வீங்கிவிட்டது. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 15, சனி

சரி, சாத்தனேந்தல் என்றே சொல்லித் தொலைப்போம் என்று எட்டு வாக்கியம் தயார் செய்தேன். என் ஊர் சிறியது. ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. வெயில் அதிகம். கண்மாய் ஒன்று இருக்கிறது. மிளகாய் விளைகிறது. கருவேல மரத்தை வெட்டிக் கரி சுடுவார்கள். ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. ஒரு பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது.

நாற்பது விநாடியில் முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு நிமிடம் இருபது விநாடி ஹஃப்ஸாவும் நானும் ஒருவரை ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“தப்பு எதுவும் இல்லக்கா,” என்றாள். “ஆனா உங்க ஊர்ல ஆளே இல்லையே.”

“என்னது?”

“கண்மாய் இருக்கு, மிளகாய் இருக்கு, பஸ் ஸ்டாண்ட் இருக்கு. மனுஷங்க ஒருத்தர்கூட இல்ல. அந்த பஸ் ஸ்டாண்ட்ல யாரு நிக்கிறாங்க? அதச் சொன்னாலே ஒரு நிமிஷம் ஓடிரும்.”

யாரும் நிற்கவில்லை என்றேன்.

“பஸ் ஸ்டாண்ட்ல யாருமே இல்லையா?”

நெட் சரியில்லை என்று சொல்லித் துண்டித்துவிட்டேன். நெட் நன்றாகத்தான் இருந்தது. காசு கொடுத்துப் படிக்கிறவளுக்கு ஒரு நாள் பொய் சொல்லக்கூடவா உரிமை இல்லை?

ஜூன் 16, ஞாயிறு

வீட்டுப்பாடம்: ஊரில் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விவரிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டையே எடுக்கச் சொல்லிச் செய்தி அனுப்பியிருக்கிறாள். விட மாட்டாள்.

எழுதுகிறேன். மூன்று கல் பெஞ்சு. நடு பெஞ்சில் ஒரு மூலை உடைந்திருக்கும். ஒரு டீக்கடை, ஒரு பழக்கடை, கழிவறை என்று எழுதிய பூட்டிய கதவு. நாலே முக்காலுக்கு ராமநாதபுரத்திலிருந்து வருகிற பஸ். ஐந்து பத்துக்குப் பரமக்குடி பஸ். ஐந்தே முக்காலுக்கு மதுரை பஸ். அதில் பெட்டியோடு இறங்குகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் சந்தை என்பதால் பரமக்குடி பஸ் அரை மணி தாமதமாகும். ஆறரைக்கு டீக்கடைக்காரர் கடையின் மரப் பெஞ்சை உள்ளே தூக்கிப் போடுவார். அதற்குமேல் வருகிற பஸ் எதுவும் ஊருக்குள் வராது, மெயின் ரோட்டு விலக்கிலேயே நின்றுவிடும்.

பஸ் நேரமெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்கக்கூடியதுதான்.

இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பவில்லை. மாதிரிக் கட்டுரை ஒன்றைப் பார்த்து எழுதி அனுப்பினேன்.

ஜூன் 21, வெள்ளி

ஏஜென்சியிலிருந்து போன். என் பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லையாம். ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கிறதாம். தெரியாதா எனக்கு? முப்பத்தெட்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறது. பாஸ்போர்ட் கிடைத்தது, நர்சிங் பதிவு கிடைத்தது, கல்யாணப் பதிவு நடந்தது. பெண் குழந்தையாகவே எல்லாவற்றையும் முடித்துவிட்டேன்.

“அங்க ஃபைல்ல கேக்குறாங்க மேடம். பேர் சேத்து வாங்கிருங்க.”

பேரூராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அப்பா அல்லது அம்மா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்பா இல்லை.

அம்மா இருக்கிறாள். பெயர் பூமயில். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது போனாள், நர்சிங் மூன்றாம் வருடத்தில் இருந்தபோது வந்தாள். அப்பா இறந்தது நடுவில். நான் அத்தை வீட்டில் வளர்ந்தேன். இதில் விவரிக்க ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வீட்டுக் கதை இதுதான்.

ஜூன் 23, ஞாயிறு

அம்மாவுக்குப் பால்பாண்டிதான் போன் செய்தார். “அத்தை எப்ப வேணும்னாலும் வரச் சொல்றாங்க. நாலு வருஷம் ஆச்சாமே நீ போயி?”

மூன்று வருடம் எட்டு மாதம்.

ஜூலை 1, திங்கள்

விடியற்காலை கிளம்பிப் பரமக்குடி போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துச் சாத்தனேந்தல் போய் இறங்கும்போது மணி பத்தே கால். பஸ் ஸ்டாண்டுக்குத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். கல் பெஞ்சு இல்லை. அம்மா ஒரு தூணுக்குப் பக்கத்தில், நிழல் இருந்தும் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

“எத்தன மணி பஸ்ஸுன்னு மாப்பிள்ள சொல்லல. எட்டரைலருந்து நிக்கிறேன்.”

“போன் பண்ண வேண்டியதுதான?”

“நீ எடுப்பியோ மாட்டியோ.”

எடுத்திருப்பேன். கையில்தான் வைத்திருந்தேன். வெயிலில் நிற்காதே, சர்க்கரை இருக்கிற உடம்பு என்று நூறு முறை சொல்லியாயிற்று. யாரும் கேட்பதில்லை.

அலுவலகத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, கிளார்க் இல்லை. கூட்டத்துக்குப் போயிருக்கிறார், ரெண்டு மணிக்கு வாங்க என்றாள் கூட்டுகிற பெண். மதுரையிலிருந்து வருகிறேன் என்றேன். அவரு மானாமதுரைல இருந்து வரணும் என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அம்மா வீட்டுக்குப் போனோம். இரண்டு அறை. முன்னறை முழுக்கக் குண்டு மிளகாய் குவிந்திருந்தது. ஒரு வியாபாரிக்குக் காம்பு கிள்ளிக் கொடுக்கிறாள். நான் உள்ளே போனதும் தும்ம ஆரம்பித்தேன். பன்னிரண்டு மணிக்கு வகுப்பு. ஜன்னல் ஓரம் போனை நிறுத்தி வைத்து உட்கார்ந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து மிளகாயில் கையை வைத்தாள்.

ஹஃப்ஸா வழக்கம்போல் ஆரம்பித்தாள். ஊர். இரண்டு நிமிடம். நான் கண்மாய், கரி, பெட்ரோல் பங்க் என்று வரிசையாக ஒப்பித்தேன். நடுவில் நாலு தும்மல்.

“ஒய் யூ நோ டெல் சில்லி?”

ஹஃப்ஸாதான் கேட்கிறாள் என்று நினைத்தேன். திரையில் அவள் வாய் அசையவில்லை. கேட்ட அம்மா மிளகாயிலிருந்து தலையைத் தூக்கவும் இல்லை.

“அக்கா, பக்கத்துல யாரு?”

“எங்கம்மா.”

“இங்கிலீஷ் பேசுறாங்களா? அவங்களக் கூப்பிடுங்களேன்.”

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து போன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ரேஷன் கடையில் கைரேகை வைக்க உட்காருகிற மாதிரி நிமிர்ந்து. “ஹலோ மேடம். ஐ ஆம் பூமயில். ஐ ஆம் மதர்.”

ஹஃப்ஸா ஆங்கிலத்தில் கேட்டாள்: உங்கள் ஊரைப் பற்றிச் சொல்கிறீர்களா?

அம்மா யோசிக்கவே இல்லை. பல முறை சொன்னதைச் சொல்கிறவள் மாதிரி ஆரம்பித்தாள். கேட்டது கேட்டபடி எழுதுகிறேன்.

“மை பிளேஸ் ஸ்மால் பிளேஸ். நோ ரிவர். நோ சீ. ஒன் டாங்க், வெரி பிக். நோ வாட்டர். சில்லி டைம், ரோடு ஆல் ரெட். பீப்பிள் வாக்கிங், அச்சூ. காட் வாக்கிங், சாமி, ஹி ஆல்சோ அச்சூ.”

ஹஃப்ஸா வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அம்மா சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரிகிறது. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

“மை டாட்டர் தேர். நேம் நாகு. லெவன் இயர்ஸ். வெரி கிளெவர். வெரி ஆங்ரி. ஈவினிங் ஸ்கூல் ஃபினிஷ், ஷி கம் பஸ் ஸ்டாண்ட். ஒன் பஸ் கம், ஷி லுக். மதர் நோ. டூ பஸ் கம், ஷி லுக். மதர் நோ. டீ ஷாப் மேன் சே, கோ ஹவுஸ். ஷி கோ. டுமாரோ ஷி கம் அகைன்.”

ஹஃப்ஸா சிரிப்பை நிறுத்திவிட்டாள். அம்மா பேச்சை நிறுத்தவில்லை.

“ஆஃப்டர், ட்வெல்வ் இயர்ஸ். ஆஃப்டர், தர்ட்டீன். நவ் ஷி நோ கம் பஸ் ஸ்டாண்ட். ஃபினிஷ்.”

அம்மாவுக்கு இறந்தகாலம் தெரியாது. எல்லாமே நடந்துகொண்டே இருக்கிற மாதிரிதான் சொன்னாள். வகுப்பில் நானாக இருந்தால் அதற்கே மதிப்பெண் போயிருக்கும்.

ஹஃப்ஸா மெதுவாக, “தேங்க் யூ, அம்மா,” என்றாள். என்னிடம், “அக்கா, நாளைக்குப் பேசுவோம்,” என்றாள். அவளாகவே துண்டித்தாள்.

எனக்குத் தும்மல் நின்றிருந்தது.

“யாரு சொல்லிக் குடுத்தா இந்த இங்கிலீஷ?”

“மரிசெல்.” பிலிப்பைன்ஸ்காரியாம். குவைத்தில் அதே வீட்டில் சமையல் வேலை. இவளுக்குத் தமிழ், அவளுக்கு அவள் பாஷை, எஜமானி அரபி. இரண்டு பேருக்கும் பொதுவாக ஆளுக்கு ஐம்பது ஆங்கில வார்த்தை இருந்திருக்கிறது. மத்தியானம் துணி தேய்க்கிற நேரத்தில் ஒரு நாள் இவள் தன் ஊரைச் சொல்வாளாம், மறுநாள் அவள். சொல்லச் சொல்ல வார்த்தை கூடியதாம். ஒன்பது வருடம். “அவ ஊருல ஆறு இருக்கு. பாலம் மூங்கில் பாலம். மூத்தவன் ஜோமாருக்கு நாயின்னா பயம். எளையவன் படிக்க மாட்டான். நான் அந்த ஊருக்குப் போனா வழி கேக்காம அவ வீட்டுக்குப் போயிருவேன்.” மிளகாயைக் கையில் எடுத்தாள். “அவளுக்கும் ஒன்னயத் தெரியும்.”

“நான் பஸ் ஸ்டாண்டுல நின்னது ஒனக்கு எப்படித் தெரியும்?”

“ஒங்கத்த போன்ல சொன்னா. மாசத்துக்கு ஒருக்கா பேச விடுவாக. தெனமும் போயி நிக்கிறா, என்ன சொல்ல அப்படின்னா. நாளைக்கு வந்துருவான்னு சொல்லுங்கன்னேன்.”

நாளைக்கு. அத்தை சொன்னதாகத்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அத்தையை அதற்காக வெறுத்திருக்கிறேன்.

“சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல,” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. “காலைல இட்லி வச்சு ஸ்கூலுக்கு அனுப்புன. சாயங்காலம் வந்தா ஆளு இல்ல. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?”

“சொன்னா நீ அழுவ.”

“அழுதா என்ன?”

“நீ அழுதா நான் போக மாட்டேன். போகாம முடியாது அப்ப.” காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். “நான் பண்ணது சரின்னு சொல்லல நாகு,” என்றாள்.

“இத எங்கிட்ட ஒரு நாளாச்சும் சொன்னியா? முன்னப்பின்ன தெரியாத பிள்ளைகிட்ட இங்கிலீஷ்ல சொல்ற.”

“தமிழ்ல சொன்னா நெறயச் சொல்லணும்த்தா. ஏன் போனேன், எதுக்குப் போனேன், ஒங்கப்பா என்ன பண்ணாரு, எல்லாம் வரும். இங்கிலீஷ்ல எனக்கு நாலு வார்த்ததான். நடந்தது மட்டுந்தான் சொல்ல வரும்.”

ரெண்டு மணிக்குப் போனோம். கிளார்க் மூன்றரைக்கு வந்தார். அம்மா கையெழுத்துப் போட்டாள். முப்பத்தெட்டாவது வயதில் எனக்கு நாகவள்ளி என்று பெயர் வைத்தாகிவிட்டது. சான்றிதழ் பத்து நாள் கழித்துத் தபாலில் வருமாம்.

திரும்பப் பஸ் ஏறும்போது அம்மா ஒரு பை மிளகாய் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது, தெம்பில்லை. மதுரை வரைக்கும் பக்கத்து சீட்டுக்காரர் தும்மிக்கொண்டே வந்தார்.

ஜூலை 2, செவ்வாய்

லீவு போட்டேன். தலைவலி.

ஜூலை 6, சனி

“அக்கா, அம்மா மாதிரி பேசுங்க,” என்கிறாள் ஹஃப்ஸா. “கிராமர் மட்டும் உங்களுதா இருக்கட்டும்.”

பதினான்கு வருடம் ஆங்கிலத்தில் கேஸ் ஷீட் எழுதியவளுக்கு இந்த அறிவுரை.

ஆனால் பேசினேன். டீக்கடைக்காரர் பெயர் சீனிமுகமது என்று ஆரம்பித்தேன். அவர் எனக்குத் தினமும் ஒரு பொறை கொடுப்பார், வீட்டுக்குப் போத்தா என்பார் என்று சொன்னேன். நான் யாருக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னேன். பெரிய வார்த்தை ஒன்றும் கிடைக்காததால் சுற்றிவளைக்க முடியவில்லை. எங்கள் அம்மா வரவில்லை. எனக்குக் கோபம். இப்போதும் கோபம். இரண்டு நிமிடம் தாண்டி மூன்று நிமிடம் பத்து விநாடி ஓடியது.

“இப்ப ஊர்ல ஆளு இருக்காங்க,” என்றாள் ஹஃப்ஸா. மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷமாம்.

ஜூலை 20, சனி

தேர்வு.

ஊரைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒன்றரை மாதம்! செருப்பு வாங்கப் பிடிக்குமா என்று கேட்டார்கள். மழை பிடிக்குமா என்று கேட்டார்கள். பிறகு அட்டையைக் கொடுத்தார்கள்: உங்கள் வீட்டில் இருக்கும் பயனுள்ள ஒரு பொருள். இரண்டு நிமிடம் மிக்சியைப் பற்றிப் பேசினேன். கல்யாணத்துக்கு வந்த மிக்சி என்றும், என் கணவர் ஊர் முழுக்க ஏசி சரி செய்கிறார், இதை மட்டும் ஆறு முறை பிரித்து ஆறு முறையும் ஒரு திருகாணியை மிச்சம் வைத்தார் என்றும், அது இப்போது தட்டினால்தான் ஓடும் என்றும் சொன்னேன். எதிரே இருந்த அம்மையார், திருகாணியெல்லாம் எங்கே என்று கேட்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் என்றேன். அது கேள்வியில் உண்டா இல்லையா, தெரியவில்லை.

வெளியே வந்து ஒரு கரும்புச்சாறு குடித்தேன். சாத்தனேந்தல் முழுதும் வாயிலேயே நின்றது.

ஜூலை 29, திங்கள்

ஏழு.

பால்பாண்டி சத்தமே போடாமல் மாடிக்கும் கீழுக்கும் இரண்டு முறை நடந்தார். ஹஃப்ஸா குரல் செய்தி அனுப்பினாள், கத்தல் மட்டும்தான் கேட்கிறது. அம்மாவுக்கு நானே போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“பாஸாயிட்டேன்.”

“நல்லது. பிள்ளைகிட்ட சொல்லிட்டியா?”

பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். பால் அடுப்பிலேயே இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், நாலு விதப் புகைப்படம். காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. நிவிதா புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, “ஜெயிலுக்குப் போற மாதிரி இருக்க,” என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டாளே என்று முதலில் நிம்மதியாக இருந்தது. இப்போது இல்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்குக் கேள்வி இல்லாமல் போகாது.

செப்டம்பர் 14, சனி

விசா வந்துவிட்டது. டிக்கெட் தேதி அக்டோபர் 16, புதன்கிழமை. முதல் வருடம் நான் மட்டும். பிறகு இவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. ‘கூப்பிட்டுக்கொள்ளலாம்’ என்றுதான் எழுதியிருக்கிறது.

பால்பாண்டியும் அவர் அக்காவும் சேர்ந்து எனக்காக யோசித்து வைத்திருக்கிறார்கள். நல்ல மனதோடுதான்.

“பாப்பாகிட்ட இப்ப சொல்ல வேணாம் வள்ளி. ஒரு மாசம் பூரா அழுதுகிட்டே கெடக்கும். பரீட்சை வேற வருது. அன்னைக்கு வழக்கம்போல ஸ்கூலுக்கு அனுப்பிருவோம். நீ பத்து மணிக்குக் கெளம்பு. சாயங்காலம் நானும் அக்காவும் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறோம்.”

“என்னன்னு சொல்லுவீங்க?”

“சீக்கிரம் வந்துருவான்னு.”

நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. கையிலிருந்த கரண்டியைத் தட்டில் போட்டேன், அது ஞாபகமிருக்கிறது. இவரிடம் சாத்தனேந்தல் பஸ் ஸ்டாண்டைப் பற்றிப் பதின்மூன்று வருடக் கல்யாணத்தில் ஒரு தடவைகூட நான் பேசியதில்லை. அவரைக் குற்றம் சொல்லி என்ன? இன்று சொன்னேன். முழுக்கத் தமிழில், ஏன் எதற்கு எல்லாவற்றோடும். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் சாப்பாட்டில் கை வைத்தபடியே கேட்டார். கை காய்ந்துவிட்டது.

“நாளைக்கே சொல்லிரு,” என்றார். “நானும் பக்கத்துல இருக்கவா?”

வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலை பத்து மணிக்கு, மொட்டை மாடியில், துணி காயப் போடும்போது சொன்னேன். அவள் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“நிவி, அம்மா அயர்லாந்துக்கு வேலைக்குப் போறேன். அக்டோபர் பதினாறு, புதன்கிழமை. நீ அன்னைக்கு ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு என்னை அனுப்பி வைக்க ஏர்போர்ட்டுக்கு வர்ற. ஒரு வருஷம் நான் அங்க தனியா இருப்பேன். அப்புறம் நீயும் அப்பாவும் வரணும். வர விடுவாங்கன்னுதான் நெனைக்கிறேன். உறுதியாத் தெரியாது.”

அவள் கிளிப்பை நீட்டிய கையை மடக்கவில்லை.

“ஆஸ்பத்திரியில கேக்குறாங்கன்னு சொன்ன.”

“பொய் சொன்னேன்.”

“எத்தன நாளா?”

“ஜூன்லருந்து.”

கிளிப் டப்பாவை வீசி எறிந்தாள். தண்ணீர்த் தொட்டியில் பட்டுச் சிதறியது. பிறகு ஆரம்பித்தாள். நீ பொய்க்காரி. நீ போ. இன்னைக்கே போ. என் ஆண்டு விழாவுக்கு யாரு வருவா? ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் ஊசி போடுற, எனக்குக் காய்ச்சல் வந்தா யாரு போடுவா? அத்தைக்குத் தலை பின்னவே தெரியாது. அப்பா தோசை கல்லோட ஒட்டிக்கும். உனக்கு நாங்க வேணாம்னா நேராச் சொல்லிட்டுப் போ.

கீழ் வீட்டு சரசக்கா படியேறி வந்து எட்டிப் பார்த்தார். “என்னாச்சு நாகவள்ளி?”

“ஒண்ணுமில்லக்கா. திட்டுறா.”

“பிள்ளைய இப்படியா கத்த விடுறது?”

“கத்தட்டும்க்கா.”

ஆறுதல் சொல்வதற்கென்று இரண்டு விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டையும் விட்டுவிட்டேன். மாடித் தரை சுட ஆரம்பித்தது. அவள் குரல் கம்மிப்போய்க் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் கத்தினாள். இதே வயதில் எனக்கும் இதெல்லாம் தொண்டை வரைக்கும் இருந்தது. கேட்க எதிரே ஆள் இல்லை.

நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஈரத் துணி தோளிலேயே காய்ந்தது.

கடைசியில் அவள் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்தாள். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“முடிச்சிட்டியா?”

“இல்ல.”

“சரி, சொல்லு,” என்றேன்.